கறுப்பு மட்டும் அடிக்கும் பிரிண்டர்

மலிவாகக் கிடைக்கிறதே என்று பிரிண்டர் வாங்குகிறவர்களை நான் ஏளனமாகப் பார்ப்பதுண்டு. அந்த வரிசையில் முதலில் நின்றவன் நான் என்பதால் எனக்கு அந்த உரிமை இருக்கிறது.

அலோர் ஸ்டாரை ஒட்டிய மெர்கோங்கில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் என் மனைவி தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். வாரத்துக்கு ஒரு கட்டுப் பயிற்சித் தாள் வேண்டும். அதற்காக ஒரு தள்ளுபடி விற்பனையில், கோழி வாங்கும் வேகத்தில், ஓர் இங்க்ஜெட் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்த இயந்திரத்தின் விலையைக் கேட்டு அக்கம்பக்கத்தில் பாராட்டாதவர் இல்லை. பிரிண்டரோடு வந்த மைப் பெட்டியில் பாதி மைதான் இருந்தது என்பது இரண்டாவது வாரம் தெரிந்தது. புது மை வாங்கக் கடைக்குப் போனபோது, ஒரு ஜோடி மைப் பெட்டியின் விலைக்குக் கிட்டத்தட்ட இன்னொரு பிரிண்டரே வாங்கிவிடலாம் என்பது தெரிந்தது. பள்ளி விடுமுறையில் மூன்று வாரம் சும்மா இருந்த குற்றத்துக்காக மை முழுவதும் காய்ந்து போனது. இயந்திரத்தை எழுப்பி உட்காரவைத்தால் அரைமணி நேரம் கரகரவென்று தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். அதற்கும் என் மையைத்தான் குடிக்கும். இவ்வளவு சுத்தமான ஒரு ஜீவனை நான் எங்கள் குடும்பத்தில்கூடப் பார்த்ததில்லை.

அடுத்த பிரிண்டரை அறிவோடு வாங்குவது என்று முடிவு செய்தேன். படித்தவன் அறிவோடு ஒரு காரியம் செய்யத் தொடங்கினால் வீட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்வது நல்லது. மூன்று வாரம் காணொளிகள் பார்த்தேன். ஏதோ ஒரு குளிர்நாட்டுக்காரர் கோயில் கர்ப்பகிரகத்தில் பேசுவதுபோலத் தணிந்த குரலில் டோனர் என்ற மைத்தூளைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் ஒரே பக்கத்தை ஆயிரம் முறை அச்சடித்து எண்ணினார். ஆயிரம் பக்கம் அச்சடிக்கிற அளவுக்கு அவரிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை என்பது அவரைப் பார்த்தாலே தெரிந்தது. நானும் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பேரில் யார் பெரிய முட்டாள் என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமில்லை.

கடைசியில் போட்டி இரண்டுக்குள் வந்து நின்றது. ஒன்று, போத்தல் மையை நாமே ஊற்றுகிற டேங்க் பிரிண்டர். வண்ணமும் அடிக்கும், மையும் மலிவு. ஆனால் அடிக்கடி வேலை கொடுக்காவிட்டால் அடைத்துக்கொள்ளும். மற்றொன்று, கறுப்பு மட்டும் அடிக்கும் லேசர். அதில் மை கிடையாது, தூள்தான். வருஷக்கணக்கில் கிடந்தாலும் காயாது.

"டேங்க் வாங்கிடுவோம்ங்க. கலர்ல படம் இருந்தா பிள்ளைங்க ஆசையா செய்வாங்க" என்றாள் மனைவி.

நான் அவளுக்கு அச்சுக்கலையின் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்தேன். உலகத்தின் அறிவெல்லாம் கறுப்பு எழுத்தில்தான் பரவியது என்றேன்.

"உலகத்துக்கு எட்டு வயசு இல்லீங்க" என்றாள்.

அலோர் ஸ்டாரில் கணினிக் கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கே, தமிழர்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்துப் பக்கத்தில் வளர்ந்தவர். தமிழ் தெளிவாகப் பேசுவார். "அண்ணே, வீட்டுக்குன்னா கலர் எடுத்துக்கோங்க லா. பின்னால ஒரு நாள் தேவைப்படும்" என்றார். விற்கிறவன் சொல்வதற்கு நேர்மாறாக வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்று குளிர்நாட்டுக்காரர் சொல்லியிருந்தார். கறுப்பு லேசரை வாங்கினேன்.

இயந்திரத்தில் குறையில்லை. இதை இயந்திரத்துக்குச் செய்யவேண்டிய நியாயமாகச் சொல்கிறேன். பயிற்சித் தாள்கள் சூடாக, கல்வெட்டு மாதிரி வந்து விழுந்தன. யார் வீட்டுக்கு வந்தாலும் ஒரு பக்கம் அடித்துக் காட்டினேன். தண்ணீர் தெளித்துத் தேய்த்தும் காட்டினேன். வந்தவர்கள் காப்பியைச் சீக்கிரம் குடித்தார்கள்.

இந்த நிலையில்தான் குருணில் இருக்கும் என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், கூப்பிட்டார். அவர் மகளின் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பத்திரிகை எல்லாம் கொடுத்து முடித்தாயிற்று. முந்தின நாள் மாலை அடித்த காற்றில் கல்யாணம் வைத்திருந்த குருண் மண்டபத்தின் கூரை பாதி பறந்துவிட்டது.

"மாப்ள, நல்ல வேளை, பீடோங்ல கோயில் மண்டபம் அதே தேதிக்குக் கிடைச்சிருச்சு. ஆனா முன்னூறு வீட்டுக்கும் இடம் மாறுனத சொல்லணும்."

"வாட்சாப்ல போடுங்க மச்சான்."

"போட்டாச்சு. அது பத்துமா? பத்திரிகைய கையில குடுத்துட்டு, மாத்தத்த மட்டும் போன்ல சொன்னா மரியாதையா இருக்குமா? சம்பந்தி வீட்டுல என்னா நெனைப்பாங்க? சின்னதா ஒரு நோட்டீஸ் அடிச்சு கையில குடுத்துடலாம்னு பாக்கறேன். பிரஸ்ல கேட்டா ஒரு வாரம் ஆகும்ங்கறான்."

முப்பது வருஷமாக அந்தக் குடும்பத்தில் என்னிடம் யாரும் எந்த உதவியும் கேட்டதில்லை. பந்தல் போடத் தெரியாது, சமைக்கத் தெரியாது, வேன் ஓட்டத் தெரியாது. புத்தகம் படிக்கிறவர் என்று மரியாதையாக ஓர் ஓரத்தில் உட்காரவைத்துவிடுவார்கள். "ஒரு மணி நேரம் குடுங்க மச்சான்" என்றேன்.

நோட்டீஸை நானே எழுதி நானே வடிவமைத்தேன். தாளில் நான்கு நோட்டீஸ் வரும்படி அளவு பார்த்தேன். அடித்துப் பார்த்தால் கொஞ்சம் வெறுமையாகத் தெரிந்தது. என் லேசரின் கறுப்பு எவ்வளவு அழுத்தமான கறுப்பு என்பது நான்கு வரி எழுத்தில் வெளிப்படவே இல்லை. ஆகவே சுற்றிலும் ஒரு கறுப்புக் கரை போட்டேன். தடித்த கரை. உள்ளே மெல்லிய இன்னொரு கோடு. பார்க்க மிகக் கம்பீரமாக இருந்தது.

மனைவி அன்று பள்ளிக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். மச்சான் வீட்டுப் பையன் ஒருவன் மோட்டார்சைக்கிளில் வந்து, கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் காலையிலேயே சம்பந்தி வீட்டு ஆட்கள் பக்கம் விநியோகம் தொடங்கிவிட்டது.

நம் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கறுப்புக் கரை போட்ட தாள் நம் வீட்டுக்கு ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் வரும். அதை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலில் வைத்தே பார்த்துவிட்டு அங்கேயே கிழித்துப் போடுவார்கள். இது எனக்குத் தெரியாத வழக்கமா? என் கையாலேயே நான்கைந்து கிழித்திருக்கிறேன். ஆனால் மூன்று வாரம் டோனரைப் பற்றி மட்டுமே யோசித்த மூளைக்கு, காகிதத்தை எடுத்துப் பார்ப்பவர் ஒரு மனிதர் என்பது மறந்துபோய்விடுகிறது.

பத்து மணிக்கு மச்சான் வீட்டுக்கு முதல் தொலைபேசி வந்தது. "பொண்ணுக்கு ஒன்னும் ஆகலையே?" பதினொன்றுக்குள் ஏழெட்டு. ஓர் அம்மா நேராகக் கேட்டிருக்கிறார், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று. சம்பந்தியம்மாளின் அண்ணன், அதாவது மாப்பிள்ளையின் தாய்மாமன், கோத்தா கோலா மூடாவில் இருக்கிறார். அவர் கறுப்புக் கரையைப் பார்த்தவுடன் வாசல் கேட்டிலேயே கிழித்துவிட்டு, தங்கையைக் கூப்பிட்டு, "பொண்ணு வீட்டுக்காரன் மூஞ்சியில சாவு ஓலையை வீசிட்டான். நான் வரல" என்று சொல்லிவிட்டார். தாய்மாமன் மேடையில் நிற்காமல் என் பையன் தாலி கட்டமாட்டான் என்று சம்பந்தியம்மாள் அழுதார்.

மச்சான் என்னைத் திட்டவில்லை. "பரவால்ல மாப்ள" என்றார். அவர் குரலில் அழுகை இருந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

மனைவி அந்தக் கணக்கைச் சரிசெய்தாள். மிச்சமிருந்த நோட்டீஸ்களை வாங்கிவரச் சொல்லிக் கூடத்தில் குவித்தாள். "படிச்சு படிச்சு மூளை வெந்து போச்சு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, கத்தரிக்கோலால் கரையை வெட்டினாள். மஞ்சளைக் குழைத்து நான்கு மூலையிலும் தடவினாள். எனக்கும் ஒரு கத்தரிக்கோல் கொடுத்தாள். "பார், மஞ்சள் தண்ணி பட்டும் எழுத்து கலையவே இல்லை, இங்க்ஜெட்டா இருந்தா..." என்று ஆரம்பித்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் வெட்டும் வேலையைத் தொடர்ந்தேன்.

தாய்மாமனைச் சமாதானப்படுத்தச் சம்பந்தியம்மாளே நேரில் போனார். இரண்டு மணி நேரம் பேசினார்களாம். கரை போட்டவன் யாராக இருக்கும், ஏன் போட்டான், வேண்டுமென்றே போட்டானா, அவன் குடும்பத்தில் இதற்குமுன் யாருக்காவது புத்தி பேதலித்ததா, எல்லாம் பேசினார்களாம். கடைசியில் அவர், "சரி, வரேன்" என்றார். அந்த நோட்டீஸில் என்ன எழுதியிருந்தது என்பதை மட்டும் அவர்கள் இருவரும் பேசவில்லை.

கல்யாணத்தன்று, தெரியாமல் பழைய மண்டபத்துக்கு வருகிறவர்களைத் திருப்பிவிட ஓர் ஆள் வேண்டியிருந்தது. யாரைப் போடுவது என்று விவாதமே நடக்கவில்லை. கூரை பிய்ந்த மண்டபத்தின் பூட்டிய கேட்டுக்கு முன்னால் பட்டு வேட்டியுடன் நான் நின்றேன். ஏழு மணியிலிருந்து நான்கு கார்கள் வந்தன. நான்கையும் பீடோங்குக்குத் திருப்பினேன்.

ஒன்பது மணிக்கு மச்சான் கூப்பிட்டார். "தாய்மாமன் இன்னும் வரல மாப்ள. போனும் அடைச்சு கிடக்கு. முகூர்த்தம் பத்து மணிக்கு முடியுது. கோவம் தீரலையோ என்னமோ, சம்பந்தியம்மா மறுபடி அழுவுறாங்க."

அவர் பேசி முடிப்பதற்குள் ஒரு பழைய வெள்ளைக் கார் வந்து நின்றது. அறுபத்தைந்து வயது இருக்கும், தலைப்பாகைத் துணி தோளில். இறங்கி, கூரையைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னா தம்பி, கல்யாணத்தையே நிறுத்திட்டாங்களா?"

"இல்லண்ணே. கல்யாண டேவான் மாறிடுச்சு. பீடோங்ல, கோயில் மண்டபம்."

"பீடோங்கா? இப்பத்தான் அத தாண்டி வரேன்! வாட்சாப்பெல்லாம் நான் பாக்கறதில்ல. என்கிட்ட யாரு சொன்னா?"

"நோட்டீஸ் குடுத்தோமேண்ணே."

"எந்த நோட்டீஸ்? நான் கிழிச்சதா?"

"அதேதாண்ணே."

"செத்தது யாருன்னுகூட நான் பாக்கல." காரின் கூரையில் ஒரு தட்டு தட்டினார். "அதை அடிச்ச மடையன் யாருன்னு தெரிஞ்சுக்காம நான் ஒரு அடி எடுத்து வைக்கமாட்டேன். வீட்டுக்குப் போறேன்."

ஒன்பது பத்து. அச்சகத்தின் மேல் பழி போடலாம். அந்த மோட்டார்சைக்கிள் பையன் மேல் போடலாம். மச்சானின் அழுகை கலந்த குரல் காதில் இருந்தது. "நான்தாண்ணே அந்த மடையன்" என்றேன்.

என்னைத் தலையிலிருந்து வேட்டிக் கரை வரை பார்த்தார். "ஏன்யா கறுப்புல அடிச்ச? வேற கலரே கிடைக்கலையா?"

"என் பிரிண்டர் கறுப்பு மட்டும்தாண்ணே அடிக்கும்."

அவர் காரின் கூரையிலிருந்து கையை எடுத்தார். "லேசரா?"

"லேசர்தான்."

"தூள் ஒரு தடவ போட்டா எவ்வளவு நாள் தாங்குது?"

"வாங்குனதுலேருந்து இன்னும் மாத்தலண்ணே."

"ஏறு வண்டியில" என்றார்.

பீடோங் வரையில் இருபது நிமிஷத்தில் பெரும்பகுதி அவர்தான் பேசினார். கோயில் செயலாளராம். கணக்கும் ரசீதும் கூட்ட அறிக்கையும் அவர் வீட்டில்தான் அச்சாகின்றன. "மஞ்சள் தீந்துட்டா கறுப்பும் அடிக்கமாட்டேங்குது தம்பி. நான் மஞ்சள்ல ஒரு எழுத்துகூட அடிச்சதில்ல. எங்கதான் போவுது அந்த மஞ்சள்? திருட்டுப்பய மெஷின்!" ஸ்டீரிங்கை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் கேட்டார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே அவருடைய பிரிண்டரையும், அதைச் செய்தவர்களையும், அவர்களுடைய சந்ததியையும் என்னால் முடிந்த அளவு திட்டினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு பயனுள்ள சொற்பொழிவை நான் ஆற்றியதில்லை. ஒவ்வொரு வசைக்கும் அவர் வேகம் கூடியது.

ஒன்பதரைக்கு மண்டபத்து வாசலில் இறங்கினோம். மச்சான் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நேரமாச்சு, வாங்க" என்று அவர்தான் மச்சானை இழுத்துக்கொண்டு போனார். தலைப்பாகை கட்டி மேடையில் ஏறியவர், தாலி கட்டி முடிந்து அட்சதை விழுந்துகொண்டிருக்கும்போதே என்னைத் தேடி, கூட்டத்துக்கு மேலாக, "தம்பி, மாடல் நம்பர அனுப்பு!" என்று கத்தினார்.

பக்கத்தில் நின்ற மனைவியிடம், "பார்த்தியா? இந்த லேசர் மட்டும் இல்லைன்னா அவர் வந்திருக்கவே மாட்டார்" என்றேன்.

"அந்தக் கரை மட்டும் இல்லைன்னா ஏழு மணிக்கே வந்திருப்பாரு" என்றாள் அவள், அட்சதையைத் தூவிக்கொண்டே.