அக்காவின் ரப்பர் செடி

லிஃப்ட் நடுவழியில் நின்றுபோய் உள்ளே மாட்டியவர்கள் கத்திக்கொண்டிருந்தாலும், நிதானமாகப் பழுதைக் கண்டுபிடித்துவிடுவார் என்று அந்த மெக்கானிக்குக்கு வேலையிடத்தில் நல்ல பெயர். அப்படிப்பட்ட மனிதரை ஒரு ரப்பர் செடி படாத பாடு படுத்தியது.

செடி அவருடையதல்ல. மாற்றலாகி வேறு ஊருக்குப் போன அக்கா, மார்பளவு வளர்ந்திருந்த அதைத் தொட்டியோடு கொண்டுவந்து கூடத்து ஜன்னலோரம் இறக்கிவிட்டுப் போனாள். மண்ணைத் தொட்டுப் பார், காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்று என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். தொட்டுப் பார்ப்பதற்கெல்லாம் அவருக்குப் பொறுமையில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு செம்பு ஊற்றினால் கடமை முடிந்தது.

கொஞ்ச நாளில் இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன. காம்புகளின் இடுக்கில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை வெள்ளையாக ஏதோ தெரிந்தது. மாவுப்பூச்சி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடையுங்கள் என்றார் செடிக் கடைக்காரர். கழுத்து பிடித்துக்கொள்ளும்வரை ஒவ்வோர் இலையாகத் திருப்பித் திருப்பித் துடைத்தார். அடுத்த வாரமே அவை சொந்தபந்தங்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டன. போதாக்குறைக்கு, மண்ணிலிருந்து பொடிப்பொடியாகக் கறுப்பு ஈக்கள் கிளம்பி மனைவியின் டீயில் விழுந்தன.

"என்னங்க, இந்த வீட்ல நாம இருக்கறதா, இதுங்க இருக்கறதா?" என்றாள் அவள்.

மருந்து வாங்கித் தெளித்தார். நாற்றம்தான் மிச்சம். இலைகள் துவண்டு தொங்குவதைப் பார்த்து, தாகம் போலிருக்கிறது என்று இன்னொரு செம்பு சேர்த்து ஊற்றினார். மறுபடி கடைக்குப் போனபோது, முதலில் தண்ணீரை நிறுத்துங்கள் என்று கடைக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அடியோடு நிறுத்தினார். அப்படியும் மண் சொதசொதவென்றே இருந்தது. எங்கிருந்து ஈரம் வருகிறது என்று புரியாமல் கூரையையும் சுவரையும் தடவித் தடவிப் பார்த்தார். தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறை.

ஒரு நாள் முதுகு பிடித்துக்கொண்டு, லீவு போட்டுவிட்டுச் சோபாவில் படுத்திருந்தார். அவர்களோடு இருந்த மாமனார் மாத்திரை போட்டுக்கொண்டு, டம்ளரில் மீந்த தண்ணீரைச் சாவகாசமாகத் தொட்டியில் ஊற்றினார். சற்று நேரத்தில் மனைவி வந்து காய்கறி கழுவிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போனாள்.

"என்ன மாமா பண்றீங்க?"

"பாவம், வாடிப் போய் நிக்குது மாப்பிள்ளை. நீங்கதான் கண்டுக்கவே மாட்டேங்கறீங்களே."

முதுகு வலியையும் மறந்து எழுந்துபோய்ச் செடியைத் தொட்டியிலிருந்து உருவினார். வேரெல்லாம் கறுத்துக் கூழாகிக் கிடந்தது. தொட்டால் தோல் கழன்று கையோடு வந்தது. சாக்கடை வாடை. அழுகியதை வெட்டிக் கழுவிப் புது மண்ணில் நட்டார். அதற்குள் காரியம் கைமீறிப் போயிருந்தது. நாலைந்து நாளில் தண்டும் மெத்தென்று அமுங்கியது.

அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் போனில் பேசத் தொடங்கியதும் மாமனார் பேப்பரைத் தாழ்த்திக்கொண்டார். யார் ஊற்றினார்கள் என்பது மெக்கானிக்குக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நான்தான்க்கா. தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டேன்."

"ஒரு செடியக்கூட உன்னால பாத்துக்க முடியலல்ல?" என்று போனை வைத்துவிட்டாள்.

மாமனார் ஒரு வார்த்தையாவது சொல்வார் என்று பார்த்தார். மாமனாரோ பேப்பரைத் தூக்கிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். மெக்கானிக்குக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. செத்த செடியைத் தொட்டியோடு இழுத்துக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே வைத்தார்.

மறுநாளிலிருந்து மாமனார், மாத்திரை போட்டதும் மீந்த தண்ணீரை எடுத்துக்கொண்டு செருப்பைத் தேய்த்துத் தேய்த்துச் சமையலறைவரை நடந்துபோய்க் கொட்டிவிட்டு வருகிறார். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மெக்கானிக்குக்கு எரிச்சலாக வரும். உட்கார்ந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள் மாமா, நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லவும் அவருக்கு இன்னும் வாய் வரவில்லை.