நடு ஆற்றுக் கேணி

உலகச் சண்டைக் காலத்தில், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஓர் ஆற்றில் பாலம் கட்டினார்கள். என் வீட்டுக்காரரும் என் தம்பியும் கண்டாச்சிபுரம் பக்கம் கிணறு வெட்டுகிறவர்கள். பாறை உடைக்க ஆள் வேண்டும் என்று மேஸ்திரி கூப்பிட்டதும் கிளம்பினார்கள். எனக்குக் கலியாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நானும் கூடவே போனேன்.

பாலத்தின் ஒவ்வொரு தூணுக்கும் அடியில் ஒரு கேணி. தண்ணீருக்கான கேணி அல்ல. ஆற்று மணலில் இரும்பு வளையத்தை வைத்து, அதன்மேல் வட்டமாகச் செங்கல் சுவர் எழுப்புவார்கள். உள்ளேயிருக்கும் மணலை வார வார, சுவர் தன் பாரத்திலேயே கீழே இறங்கும். பாறை தட்டியதும் உள்ளே கான்கிரீட் நிரப்பி, மேலே தூண் கட்டுவார்கள்.

மற்றக் கேணிகள் ஒழுங்காக உட்கார்ந்தன. நடு ஆற்றில் மட்டும் பாறை சரிவாக இருந்தது. வளையம் ஒரு பக்கம் பாறையில் இடித்து நின்றது. எதிர்ப்பக்கம் வெறும் மணல். அப்படியே கான்கிரீட்டைக் கொட்டி மூடிவிடலாம் என்றார் காண்ட்ராக்டர். இன்ஜினீயர் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் எல்லோர் முன்னாலும்தான் பேசினார்கள்.

"பாலத்தோட பாரம் மொத்தமும் இது வழியாத்தான் பாறைக்குப் போகணும்," என்றார் இன்ஜினீயர். "சரிவுல உட்கார்ந்தா வெள்ளம் வந்ததும் சறுக்கும். பாறைக்குள்ள குழி வெட்டி, அதுல கான்கிரீட்டை இறக்கணும். அப்பத்தான் அடியும் தாங்கும், சுத்துப் பாறையும் இறுக்கிப் பிடிச்சுக்கும்."

மணல் பக்கத்து இடைவெளியைக் களிமண் மூட்டைகளால் அடைத்தார்கள். பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். என் வீட்டுக்காரரும் தம்பியும் உளியும் சம்மட்டியுமாக உள்ளே இறங்கினார்கள். சைகைக் கயிறு என் கையில். ஒரு தரம் இழுத்தால் கல் நிரம்பிய வாளியைத் தூக்க வேண்டும்; விடாமல் இழுத்தால் ஆளைத் தூக்க வேண்டும்.

அன்றைக்கு உச்சிவெயில் நேரத்தில் கயிறு விடாமல் இழுபட்டது. நான் கத்தினேன். ஆட்கள் ஓடிவந்து இராட்டினத்தைச் சுற்றினார்கள். இவர் மட்டும்தான் மேலே வந்தார், இடுப்பு வரை சேறாக.

"மூட்டை பிச்சிக்கிச்சி. மணலு உள்ள பூந்துடிச்சி," என்றார். "அவன் காலு மாட்டிக்கினுகீது. ஜல்தி கயிற எறக்குங்க!"

மறுபடி இறங்கப் போனவரை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். எட்டிப் பார்த்தேன். கலங்கல் தண்ணீர் சுவரோரம் சுழன்றுகொண்டே ஏறி வந்தது.

துறைமுகத்திலிருந்து பித்தளைத் தொப்பி மாட்டிய முக்குளிப்பவர்கள் வந்துதான் தம்பியை எடுத்தார்கள். ஊருக்குக் கொண்டுபோய்ப் புதைத்தோம். என் அம்மா இவரை ஒரு பார்வை பார்த்தாள்.

காரியம் முடிந்ததும் இவர் உளிகளைத் துணியில் சுற்றினார். எனக்குப் புரிந்துவிட்டது.

"அந்தக் கேணிக்குள்ள நீ எறங்காதய்யா. மல்லாட்டச் செடி பிடுங்கக் கூலிக்குப் போனாக்கூட வயித்தக் கழுவிக்கலாம்."

"அவனும் நானும் பாதி வெட்டுன குழிம்மே அது. வேற எவனாவது அரையுங்கொறையுமா மூடிட்டுப் போனா, அப்புறம் அவன் எதுக்குச் செத்தான்?"

எனக்கு அந்த நியாயம் விளங்கவில்லை. காண்ட்ராக்டர் சொன்னபடி மூடியிருந்தால் தம்பி இருந்திருப்பானே என்றுதான் மனது அடித்துக்கொண்டது. இன்ஜினீயரைக் கண்டாலே எனக்கு ஆகவில்லை. அவரும் என்னைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வார். ஆனால் இந்தத் தடவை, களிமண்ணுக்குப் பதில் சிமெண்டு மூட்டைகளால் அடைத்து, அது கெட்டிப்பட்ட பிறகு, தினமும் முதலில் அவரே இறங்கித் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆட்களை இறக்கினார்.

நானும்தான் திரும்பப் போயிருந்தேன். கயிற்றை வேறு யார் கையிலும் கொடுக்க மனம் வரவில்லை. குழி வெட்டி முடிகிற வரைக்கும் இவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கேப்பைக்கூழைக் கலயத்தில் ஊற்றி முன்னால் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். பாறைக்குள் கான்கிரீட் இறங்கிய அன்று, இவர் கரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்போதுதான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

பாலம் முடிந்து பட்டாளத்து லாரிகள் ஓட ஆரம்பித்தன. அந்த ஐப்பசியிலேயே பெரிய வெள்ளம். ஊர் ஜனத்தோடு நானும் கரையில் நனைந்துகொண்டு நின்றேன். முழு மரங்கள் வேரோடு வந்து நடுத் தூணில் மோதின. அது விழுந்து தொலையட்டும் என்று ஒரு மனது; விழுந்தால் இவர் என்ன ஆவார் என்று ஒரு மனது. தூண் அசையவில்லை.

வெள்ளம் வடிந்ததும் அம்மாவைப் பார்க்கப் போனேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள், திரும்பாமலே கேட்டாள்.

"நிக்குதாமே?"

"நிக்குதும்மா."

அம்மா எனக்குச் சோறு போட்டாள். இவருக்கென்று ஒரு பங்கைத் தூக்கில் எடுத்து வைத்து, மூடி சரியாக விழுந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள்.