கவசத்தால் அளந்த வலிப்பு

மாசி மூன்றாம் நாள், வியாழக்கிழமை, காலை பதினொன்றேகால். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்த என் மனைவி செல்வியின் கை அப்படியே நின்றது. கண் திறந்திருந்தது, வாய் எதையோ மென்றது. கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. உடனிருந்தவர்கள் சொன்னதை அன்று மாலையே எழுதிவைத்தேன். நாள் குறிப்பது என் பழக்கம்.

மூன்றாம் முறை வீட்டில் விழுந்து கைகால் வெட்டி இழுத்தது. நரம்பியல் மருத்துவர் இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை) எடுத்துப் பார்த்து, வலிப்பு நோய் (அந்த அலைகள் திடீரெனத் தாறுமாறாவது) என்றார். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கிய மாமியார் அதை மறுக்கவில்லை.

"வலிப்புன்னா வலிப்புதான். அதுக்கு வழி வுட்டது எதுன்னு டாக்டருக்குத் தெரியுமா?"

அதனால் மாத்திரையும் உண்டு, கவசமும் உண்டு. பேய் பிசாசு அண்டாதபடி தலை முதல் பாதம் வரை ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லிக் காவல் கேட்கும் துதி அது. வலிப்பு வந்ததும் மாமியார் செல்வியை ஒருக்களித்துக் கிடத்தி, திருநீறு இட்டுத் தொடங்குவார். தலையைத் தாங்கியிருக்கும் என்னால் கடிகாரம் பார்க்க முடியாது. துதி எந்த உறுப்பில் வரும்போது வலிப்பு நின்றதோ அதைக் குறித்துக்கொண்டேன். கழுத்து. வயிறு. ஒருமுறை முழங்கால்.

"எவ்வளவு நேரம் இருந்துச்சு?" என்றார் மருத்துவர்.

"முழங்கால் வரைக்கும், சார்."

விளக்கியதும் அவர் சிரிக்கவில்லை. "அத முழுசா சொல்லச் சொல்லி செல்போன்ல நேரம் பாருங்க. வலிப்பு அஞ்சு நிமிஷம் தாண்டினா இந்த மருந்த மூக்குல அடிங்க. யோசிக்காதீங்க."

முழுக் கவசத்துக்கு நாலரை நிமிடம் ஆனது. எனக்கு அது வசதியாகப்பட்டது. கவசம் முடிந்தும் நிற்காவிட்டால் மருந்து என்று மாமியாரிடம் சொன்னேன். அதுதான் என் தவறு.

வைகாசியில் ஒருநாள் நல்லூர் போய்த் திரும்பியபோது வாசலிலேயே கவசம் கேட்டது. செல்வியின் உதடு நீலமாகியிருந்தது. திருநீற்றுத் தட்டருகே மருந்து பிரிக்கப்படாமல் இருந்தது. நான் அடித்தேன். ஆம்புலன்ஸில் ஏறும்போதும் இழுப்பு முழுதாக நிற்கவில்லை.

மருத்துவமனை நடைவழியில் கேட்டேன். "ஏன் அத்த அடிக்கல?"

"அடங்கலன்னா மூணு முறை சொல்லணும் மாப்ள. பாதியில வாய எடுத்தா அது உள்ளயே தங்கிடும்."

அவர் கணக்கில் கவசம் இன்னும் முடியவில்லை. கோபப்பட எனக்குத் தெம்பில்லை. மருந்தைக் கவசத்தின் முடிவில் கட்டிவைத்தவன் நான்தான். இதைப் படிப்பவர்கள் எந்தத் துதியை வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் கடிகாரத்தைத் தனியாகப் பாருங்கள்.

மூன்றாம் நாள் செல்வி கடிபட்ட நாக்கோடு மெல்லப் பேசினாள்.

"நீ பாட்டுக்குச் சொல்லும்மா. வாய நிறுத்த வேணாம். கை சும்மாதான இருக்குது, அது அடிக்கட்டும்."

மாமியார் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "கைக்குத் தோஷமில்ல," என்றார்.

மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். ஆடியில் வலிப்பு மீண்டும் வந்தபோது, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, வாய் நிற்காமல், மாமியார் மருந்தை அடித்தார். சற்று நேரத்தில் அடங்கியது. அதன்பின் இன்றுவரை இல்லை. மார்கழியிலிருந்து செல்வி அரைநாள் பட்டறைக்குப் போகிறாள். சூளைப் பக்கம் மட்டும் விடுவதில்லை.

தேறிவிட்டாள் என்கிறார்கள். ஆனால் அவள் உடம்பை அவளும் நானும் பழையபடி நம்புவதில்லை. பேச்சின் நடுவே அவள் சற்று நிறுத்தினாலும் என்னுள் நொடிகள் எண்ணப்படுகின்றன. அது அவளுக்குத் தெரியும்.

"யோசிக்கிறேங்க," என்பாள். "வேற ஒண்ணுமில்ல."