சுவரைப் பார்த்து நின்று கேட்ட கிட்டார்

2003ஆம் ஆண்டு, கிறிஸ்து பிறப்பு விழாவான நத்தாருக்குச் சில வாரங்களே இருந்தன. பலாங்கொடைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலில் நான்தான் கிட்டார் வாசிப்பேன். முகப்பு வயலினைப் போல வளைந்த பழைய கிட்டார் அது; முன்பு தோட்டத்தை நிர்வகித்த துரை ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. ஓசை மந்தமாகிவிட்டதென்று பாடற்குழுவில் எல்லோரும் குறைப்பட்டார்கள்.

டவுன் கடையில் அதே அச்சில் புதிதாகச் செய்த ஒன்று இருந்தது. வாசித்ததும் கணீரென்றது. பழையதைக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர்; சம்மதித்தேன்.

கூட வந்த என் கணவர்தான் தடுத்தார். "கொஞ்சம் இரு ஸ்டெல்லா. நம்மளதுல கம்பியெல்லாம் துரு புடிச்சிருக்கு. ரெண்டுலயும் ஒரே மாதிரி புதுக் கம்பி போட்டுக் கேட்டுப் பாப்போம்."

கம்பி மாற்றியதும் நான் சுவரைப் பார்த்து நின்றேன். அவர் ஒவ்வொன்றாக மீட்டினார். முதலாவது நன்றாகவே இருந்தது. இரண்டாவதின் ஒலியோ கனிந்து, கடை முழுவதும் நிறைந்தது.

"ரெண்டாவதுதான் புதுசு. அதையே எடுப்போங்க" என்றேன்.

திரும்பினால், அவர் கையில் இருந்தது எங்கள் கோயில் கிட்டார்! எதைக் கொடுக்கவிருந்தேன் என்று நினைத்ததும் அதை வாங்கி அணைத்துக்கொண்டேன்; புதியதைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

இப்போது ஒவ்வொரு திருவிழாவுக்கும் முன்னால் கம்பி மாற்றிவிடுகிறேன். பாடற்குழுவுக்கு ஆள் சேர்க்கும்போதும் முகம் பார்க்காமல்தான் கேட்கிறேன். குரலே இல்லையென்று எல்லோரும் ஒதுக்கிய மேரி, இன்று முன்வரிசையில் பாடுகிறாள்.