ஆகாயத்தில் கடை விரித்தவர்

நீண்ட விமானப் பயணத்தில் நேரத்தை எப்படிப் போக்குவது என்று ஆளாளுக்கு எனக்கு யோசனை சொன்னார்கள். போனில் படம் ஏற்றிக்கொண்டு வா என்றாள் அமெரிக்காவில் இருக்கும் மகள். தூக்க மாத்திரை கொண்டுபோ என்றாள் தக்கலையில் இருக்கும் தங்கை. எல்லோருக்கும் தலையாட்டினேன். நேரம் போகுமா என்கிற கவலை எனக்கு இல்லை. நேரம் போதுமா என்பதுதான் என் கவலை.

என் வீட்டுக்காரருக்கு வடசேரியில் கடை. குழாய், மோட்டார், வாஷ்பேசின், தண்ணீர்த் தொட்டி. காலையில் போனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். கடையில் ஊர் உலகத்தோடு பேசுகிற மனுஷர், வீட்டுக்கு வந்தால் ‘என்ன குழம்பு’, ‘கதவு பூட்டியாச்சா’ என்ற இரண்டு கேள்விகளோடு அன்றைய இல்லறத்தை முடித்துக்கொள்வார். அது எனக்குப் பழகிவிட்டது. போன வருஷம் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஸ்டென்ட் வைத்த டாக்டர், கடையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு ஓய்வாக இருங்கள் என்று சொல்லி அனுப்பினார். ஊருக்கெல்லாம் அடைப்பு எடுக்கச் சாமான் கொடுத்தவருக்குத் தன் நெஞ்சில் வந்த அடைப்பு ஒரு பொருட்டாகப் படவில்லை. உடம்பு தேறுவதற்குள் கல்லாவில் போய் உட்கார்ந்துவிட்டார்.

நான் பேச்சை எடுக்கும்போதெல்லாம் அவருடைய போன் அடிக்கும். அடிக்காவிட்டால் இவரே யாருக்காவது அடிப்பார். மகள் எங்கள் இருவருக்கும் டிக்கெட் அனுப்பியபோது எனக்கு வழி தெரிந்தது. ஆகாயத்தில் போன் வராது, வாடிக்கையாளர் வர முடியாது, போதாததற்கு பெல்ட் வேறு போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள். கடையை விட்டுவிடுகிறேன் என்று இவர் வாயால் ஒரு வார்த்தை வாங்க அதைவிட நல்ல இடம் கிடையாது. உயிரோடு திரும்பி வருவாரா என்று தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு இனித் தெம்பில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வரைக்கும் தூக்கத்தில் போயிற்று. அங்கிருந்து அமெரிக்கா போகிற பெரிய விமானத்தைத்தான் நான் நம்பியிருந்தேன். ஜன்னலோரம் நான், பக்கத்தில் இவர். வயிறு நிறைந்த பிறகு கேட்போம் என்று பொறுத்தேன். சாப்பாடு வந்தது. தயிர் டப்பாவோடு மல்லுக்கட்டி முடித்துவிட்டு, “பாத்ரூம் வரைக்கும் போயிட்டு வாறேன்” என்று எழுந்தார்.

போனவரைக் காணவில்லை. எட்டிப் பார்த்தால், பின்னால் நடு வரிசையில் ஒருவர் பக்கத்தில் நின்று இரண்டு கைகளையும் அகல விரித்துப் பேசிக்கொண்டிருந்தார். தண்ணீர்த் தொட்டிக்கு அளவு சொல்லும்போது மட்டும்தான் இவர் கை அப்படி விரியும். கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் வெளிச்சமாகத் திரும்பி வந்தார்.

“ஏட்டி, நம்ம ஊருப் பக்கம் கருங்கல்லுள்ள ஆளு. ஊர்ல மூணு மாடி வீடு கெட்டுகாரு. ஏழு பாத்ரூமு.”

“அங்க யாரு இரிக்கா?”

“அவருக்க அம்மை மட்டுந்தான்.”

“ஒரு அம்மைக்கு ஏழு பாத்ரூமா?”

“அது நமக்கு எதுக்கு? சாமானெல்லாம் நம்ம கடையில எடுக்கச் சொல்லணும்.”

அடுத்து இவர் செய்தது எங்கள் ஊர் பஸ்ஸில் ஏறிப் பழகியவர்களுக்கு மட்டும்தான் தோன்றும். பஸ்ஸில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். கல்யாணம் ஆன நாள் முதல் நாங்களும் அப்படித்தான் போய் வந்திருக்கிறோம். ஆணுக்குப் பக்கத்தில் தெரியாத பெண் உட்கார நேர்ந்தால், யாராவது எழுந்து இடம் மாறி, பெண்ணைப் பெண்ணோடு சேர்த்து உட்கார வைப்பது எங்கள் பக்கத்து மரியாதை. கருங்கல்காரருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் இருந்தார். இவர் விமானப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, “லேடி, லேடி சைடு. ஜென்ட்ஸ், ஜென்ட்ஸ் சைடு” என்று கையைக் காட்டி ஏற்பாடு செய்தார். மனைவி பக்கத்தில் உட்கார இடம் கேட்டவர்களை அந்தப் பெண் நிறையப் பார்த்திருப்பாள். மனைவியை விட்டுத் தள்ளி உட்கார இடம் கேட்டவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாற்றிக் கொடுத்தாள்.

வெள்ளைக்கார அம்மாள் வந்து உட்கார்ந்து, “உங்கள் கணவரா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். “சண்டையா?” என்றார். “இல்லை, வியாபாரம்” என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் எதிரே இருந்த திரையில் ஏதோ ஒரு படத்தைப் போட்டேன். யார் யாரைச் சுடுகிறார்கள் என்று விளங்கவில்லை, ஆனால் அப்போதிருந்த கோபத்துக்கு அது போதுமானதாக இருந்தது. பின்னாலிருந்து, “உப்புக் காத்துக்கு இரும்பு ஆகாது தம்பி, பித்தளைதான் கொள்ளாம்” என்று இவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. கடையை மூட வைக்கக் கூட்டி வந்த ஆள் ஆகாயத்தில் கிளை திறந்துவிட்டார்.

பிறகு விமானம் குலுங்கத் தொடங்கியது. அவரவர் இடத்துக்குப் போகச் சொன்னார்கள். அந்த அம்மாள் எழுந்து போக, இவர் தடுமாறிக்கொண்டு வந்து விழுந்தார். பெல்ட்டை நான்தான் மாட்டிவிட்டேன். இவர் கை நெஞ்சில் இருந்தது.

“வலிக்கா?”

“இல்ல. பயந்துட்டேன்.”

எனக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு கேட்டுவிட்டேன்.

“கடைய எப்பம் விடுவிய?”

போன் இல்லை, கருங்கல்காரர் எட்டாத தூரத்தில் இருந்தார்.

“விட்டுட்டு நான் என்ன செய்ய?”

“வீட்டுல இரிங்க.”

“வீட்டுல இரிந்து ஒங்கிட்ட என்னத்தப் பேச? எனக்குக் கொழாயத் தவிர ஒண்ணும் தெரியாதே.”

டாக்டர் சொன்னது, மகள் அழுதது என்று நான் எத்தனையோ பதில்களை ஊரிலிருந்தே தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அவையெல்லாம் வேறு கேள்விகளுக்கு உரியவை. இந்த மனுஷருக்கு என்னிடம் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

குலுக்கல் நின்றது. பெல்ட் விளக்கும் அணைந்தது. கருங்கல்காரர் எங்கள் வரிசைக்கே வந்து, “அண்ணாச்சி, வாறியளா? அந்த மோட்டார் காரியம் பேசணும்” என்றார்.

“பொறவு வாறேன் தம்பி” என்றார் இவர். அவர் போகும் வரை பொறுத்திருந்து, தெரியாதவரிடம் விலாசம் விசாரிக்கிற தயக்கத்தோடு என்னைக் கேட்டார்.

“நான் கடைக்குப் போன பொறவு, நீ வீட்டுல என்ன செய்வ?”

இத்தனை வருஷத்தில் கேட்காத கேள்வி. நான் காலையிலிருந்து சொல்லத் தொடங்கினேன். இவர் குறுக்கே பேசாமல் கேட்டார், இடையிடையே ‘பின்ன?’ என்றார். இறங்கப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தபோது, “ஊருக்குப் போனதும் கடையக் குடுத்திருவோம்” என்றார்.

நான் அப்போது மத்தியானம் வரைக்கும்தான் சொல்லியிருந்தேன்.