திதி போதும்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாதம் நடந்தது இது. புத்தூரில் எங்கள் தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுத்துக்கொண்டிருந்தோம். காலை பத்து மணி இருக்கும். முன்பின் தெரியாத வான் வண்டி ஒன்று எங்கள் தெருவொழுங்கை முகப்பில் வந்து நின்றது. நான் எதற்கும் பயப்படுகிற பிறவி. வீட்டு வாசலில் புது முகம் கண்டாலே, என்ன விசாரணையோ, எந்தக் காணிப் பிரச்சினையோ என்று யோசிக்கத் தொடங்கிவிடுவேன்.

"இஞ்சரும், ஆரோ சிங்கள ஆக்கள் வந்து நிக்கினம். ஒருக்கா வாரும்" என்று கணவர் கூப்பிட்டார்.

வானில் இருந்து இறங்கியவர் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. வெள்ளைச் சேலை, கையில் ஒரு பை நிறையப் பூ. கூட வந்த சாரதிக்குத் தமிழ் தெரியும். கொழும்புப் பக்கத்து ஆள். அவர்தான் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாவின் தம்பி விமானப்படையில் விமானியாக இருந்தவராம். யுத்த காலத்தில் அவருடைய விமானம் விழுந்த இடம் எங்கள் தோட்டம்தானாம். தம்பியோடு வேலை செய்த ஒருவர் வரைந்து கொடுத்த படம் ஒன்றை அந்த அம்மா மடித்து வைத்திருந்தார். அதில் எங்கள் கிணறுகூட இருந்தது.

இடத்தைக் காட்ட எனக்குப் படம் தேவையில்லை. அந்த விமானம் விழுந்தபோது எனக்குப் பதினொரு வயது. பங்கர்க் குழிக்குள் பதுங்கி இருந்தோம். விழுந்தது பிளேன் என்று தெரிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஏனென்றால், அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போன என் அண்ணை பிளேன் போட்ட குண்டில் செத்துப்போனார். அவருக்குப் பத்தொன்பது வயது.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்வதா? வரம்போரமாகக் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குந்தி இருந்து பூவை வைத்தார். தம்பியின் சவப்பெட்டியைத் திறந்து பார்க்க விடவில்லை, உள்ளே இருந்தது பிள்ளைதானா என்று கேட்டுக் கேட்டே தாய் செத்துப்போனார் என்று சாரதி எனக்கு மெதுவாகச் சொன்னார். எனக்கும் கண் கலங்கியது. இனிப் போய்விடுவார், தப்பினேன் என்று நினைத்தேன்.

அவர் எழும்பவில்லை. கைப்பையைத் திறந்து, துணியில் சுற்றிய பழைய கொப்பி ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சாரதியிடம் ஏதோ கேட்டார். சாரதி நிலத்தைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தார்.

"அக்கா, கோவிக்க வேணாம். இது அவங்க தம்பி எழுதி வச்சது. எந்த நாள் எங்க பறந்தேன்னு இருக்குதாம். இந்த ஊர்ல பிளேன் குண்டு போட்டு யாரும் மௌத்தானாங்களான்னு மேடம் கேக்குறாங்க. யாராவது இருந்தா, எந்தத் தேதின்னு சொல்லட்டுமாம்."

அவர் பூ வைக்க மட்டும் வரவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. கணவர் என்னைப் பார்த்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஓம். என்ரை அண்ணை" என்றேன்.

அந்த அம்மா கொப்பியைச் சுற்றிய துணியை அவிழ்த்தார். தேதி என் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால், அண்ணை மேல் குண்டு போட்டது யார் என்று அடுத்த நிமிடமே தெரிந்துவிடும். அது இவருடைய தம்பியாக இருந்தால் இந்த அம்மா எப்படி ஊர் போய்ச் சேருவார்? அதைவிட, அது தெரிந்த பிறகு நான் எப்படிப்பட்டவளாக மாறுவேன் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

"ஆனி மாதம், அபரபக்கத் தசமி. எங்களுக்குத் திதிதான் கணக்கு. இங்கிலீசுத் தேதி நினைவில்லை" என்றேன்.

முழுப்பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. அண்ணையின் திவசத்தை வருடாவருடம் திதி பார்த்துத்தான் செய்கிறோம். சாரதி முஸ்லிம். தேய்பிறைத் தசமியை அவர் எப்படிச் சிங்களத்தில் சொன்னாரோ தெரியாது. அந்த அம்மா தலையாட்டிவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.

தண்ணீர் கேட்டவரைத் தோட்டத்தில் நிற்கவைக்க முடியுமா? கணவர் என் முகத்தைப் பார்க்காமலே, "வாங்கோ, உள்ளை வந்து இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று உபசரித்துவிட்டார். எனக்குப் பகீரென்றது. முன் ஹோல் சுவரில் அண்ணையின் படம் மாட்டியிருக்கிறது. அதன் கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் இலக்கம் எல்லாருக்கும் ஒன்றுதானே.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்பக்கத்தால் ஓடினேன். கதிரையில் ஏறிப் படத்தைக் கழற்றி, அறைக்குள் கட்டிலில் குப்புறப் போட்டேன். சொந்த அண்ணையை ஒளித்து வைத்த வெட்கத்தோடு அடுப்படிக்குப் போய்க் கேத்திலை வைத்தேன். அவசரத்தில் சீனியில் பாதி நிலத்தில் கொட்டியது.

தேநீரோடு வந்தபோதுதான் என் கெட்டித்தனம் எனக்கே தெரிந்தது. படத்துக்கு மேலே எப்போதும் எரிகிற சின்னச் சிவப்பு மின்குமிழை அணைக்க மறந்துவிட்டேன். அது வெறும் ஆணிக்கு மேலே எரிந்துகொண்டிருந்தது. சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளிறிச் சதுரமாகத் தெரிந்தது. கீழே காலையில் நான் சாத்திய செவ்வரத்தம்பூ கிடந்தது.

அந்த அம்மா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தட்டை மேசையில் வைத்தேன். அவர் கொப்பியைத் துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்து இழுத்துப் பூட்டினார். குனிந்து அந்தப் பூவை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

"திதி போதுமாம் அக்கா" என்றார் சாரதி.

அப்போது எனக்கு வந்த அழுகையை அடக்க முடியவில்லை. அவரும் அழுதார். தேநீர் ஆறிப்போனது. கணவர்தான் திரும்பப் போட்டுக்கொண்டு வந்தார்.

போகும்போது அந்த அம்மா ஒன்று கேட்டார். அண்ணையின் நாளில் தன் ஊர் விகாரையில் தானம் கொடுக்கலாமா என்று. திதி வருடத்துக்கு வருடம் மாறும் என்று நான் சொன்னதும், என் தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டார். இப்போது ஒவ்வொரு வைகாசி முடிவிலும் அழைப்பு வருகிறது. ஒரு பக்கம் அவர், நடுவில் அந்தச் சாரதி. அந்த இலக்கத்தைக் கண்டதும், அந்தத் தேதியை எப்படியோ அறிந்து கொப்பியைப் பார்த்துவிட்டாரோ என்று இன்றும் பயப்படத்தான் செய்கிறேன். ஆனால் அவர் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: இந்த வருடம் தசமி என்றைக்கு? பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்கிறேன். அண்ணை செத்த அந்த ஒரு தேதியை மட்டும் அவர் கேட்பதில்லை, நான் சொல்வதில்லை, அந்த மௌனத்தின் தயவில்தான் அவருடைய தம்பிக்காகவும் என்னால் ஒரு விளக்கு ஏற்ற முடிகிறது.