ஓலை வாசித்த மூன்று ஞாயிறுகள்

எங்கள் கத்தோலிக்கக் கல்யாணங்களுக்கு முதலில் ஊரிடம் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளை ஊர்க் கோயிலிலும் பெண்ணின் ஊர்க் கோயிலிலும் அடுத்தடுத்து மூன்று ஞாயிறு, பூசை முடிகிற நேரத்தில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னாருடைய மகன், இன்னாருடைய மகளை மணக்க இருக்கிறார், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று. இருபது வயதுப் பெண்ணுக்கு அது வெட்கமும் பூரிப்புமாக இருக்கும். ஐம்பதை நெருங்கிய விதவையான எனக்கோ நடுச்சந்தியில் நிற்க வைத்த மாதிரி இருந்தது.

என்னைக் கட்டிக்கொள்ள இருந்தவர் விழுப்புரத்துக்காரர். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இரண்டு ஊர்ப் பாடகர் குழுக்களும் சேர்ந்து ஈஸ்டர் பாட்டுப் பயிற்சி செய்தபோது பழக்கமானோம். அவர் தபேலா பாட்டை விட்டுவிட்டு முன்னால் ஓடும். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் பாடுவதை நிறுத்தி முறைத்தேன்.

"நீங்க முறைச்சா கை தன்னால நிக்குதுங்க" என்றார்.

என் கணவர் போன பிறகு என் முறைப்புக்கு யாரும் பயந்ததில்லை. எனக்குப் பிடித்துப்போயிற்று.

திண்டிவனத்தில் வீட்டின் முன்னறைதான் என் தையல் கடை. பின்னால் நானும் அத்தையும். அத்தை என் கணவரின் அம்மா. எனக்குப் பிள்ளை இல்லை, என்னைப் பெற்றவர்களும் எப்போதோ போய்விட்டார்கள். கல்யாணப் பேச்சை எடுத்தபோது அத்தை, "உனுக்கு சரின்னு பட்டா சரி" என்றார். அந்தச் 'சரி'யில் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. அத்தை மனம் ஒப்பாமல் எதுவும் நடக்காது என்று விழுப்புரத்துக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவரும் ஒத்துக்கொண்டார்.

முதல் ஓலை வாசித்த அன்று கோயிலில் எல்லாத் தலைகளும் திரும்பின. அத்தை மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், சாப்பிடவில்லை. அந்த வாரம் முழுக்க, கரண்ட் போய்விட்டது, கேட்டைச் சாத்து என்பதற்கு மேல் பேச்சில்லை. பெற்ற மகனின் இடத்தில் இன்னொருவனா என்று வயிறு எரிகிறது, வேறென்ன என்று நினைத்தேன். போனில் அவரிடம் அழுதேன்.

"இதோட நிறுத்திக்கலாங்க."

"ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் ஞாயிறு அத்தை பக்கத்தில் உட்காரத் தைரியம் வரவில்லை. அவசரமாக ஒரு பிளவுஸ் கொடுக்க வேண்டும் என்று புளுகிவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். பூசையையும் அங்கேயே பார்த்துவிட்டு, கல்யாணம் வேண்டாம் என்று நேருக்கு நேர் சொல்லிவிடலாம் என்று கணக்கு.

ஆண்கள் பக்கம் கண்ணால் துழாவினேன். அவரைக் காணோம். ஓலை வாசித்தார்கள். பக்கத்திலிருந்த அம்மா என் காதோரம் சாய்ந்து, "திண்டிவனத்துக்காரியாம். இவரு தங்கமான மனுசன். தபேலாதான் பேஜாரு" என்றார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வெளியே வந்து போன் போட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"உங்க கோயில்லதான். நீங்க தனியா உக்காந்து கேக்க வேணாம்னு வந்தேன். உங்களக் காணுமே?"

"நான் உங்க கோயில்ல இருக்கேன்."

 அவர் குரலைத் தாழ்த்தி, "உங்க அத்தை பூசை முடிஞ்சதும் சாமியார் ரூமுக்குள்ள போனாங்க. இன்னும் வெளிய வரல" என்றார்.

 ஓலை வாசித்த கையோடு ஒருவர் சாமியாரைத் தேடிப் போகிறார் என்றால் தடை சொல்லத்தான். வேண்டாம் என்று சொல்லக் கிளம்பி வந்தவள் நான்தான். அதையே அத்தை சொல்லிவிடுவாரோ என்றதும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். இந்த மனிதர் எனக்கு எவ்வளவு வேண்டும் என்பது விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டுவதற்குள் நன்றாகவே விளங்கிவிட்டது.

வீட்டில் கோழிக்குழம்பு வாசனை அடித்தது. அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அத்தை பரிமாறிக்கொண்டிருந்தார்.

"ஓலை படிக்கிற அன்னிக்கு பொண்ணு ஊரு சுத்திக்கினு இருக்கா" என்றார் அத்தை, அவரிடம்.

"சாமியாருகிட்ட என்ன சொன்னீங்க அத்தை?"

"தப்பா படிக்கிறீங்கன்னு சொன்னேன்." கரண்டியைக் கீழே வைத்தார். "செத்துப்போன உங்க அப்பா அம்மா பேர படிக்கிறாரு. என் புள்ள போன பொறவு எனுக்குச் சோறு போட்டது நீ. நீ கட்டிக்கினு போறப்போ என் பேரு இல்லியா? அப்ப நான் யாருடி உனுக்கு?"

ஒரு வாரம் அத்தை முகம் கொடுத்துப் பேசாமல் கிடந்தது இதற்குத்தான். 

விழுப்புரத்துக்காரர்தான் மெதுவாகச் சொன்னார்: "ரெஜிஸ்டர்ல மாத்த முடியாதுன்னு சாமியார் சொல்லியிருக்காரு. படிக்கவாச்சும் படிங்க, அது வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்னு உக்காந்துட்டாங்களாம்."

மூன்றாம் ஞாயிறு நான் அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்தேன். சாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இன்னாருடைய மகள் என்று அத்தையின் பெயரைச் சொல்லி என் பெயரைச் சொன்னார். என் கண் நிறைந்துவிட்டது. அத்தை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"சாமி, காதுல விழல. இன்னொரு வாட்டி படிங்க."

அத்தைக்குக் காது நன்றாகவே கேட்கும். சாமியார் மறுபடியும் படித்தார்.